நினிவே வள்ளம் ஏறிய கதை

வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதில் நான்கே நான்கு சின்ன அதிகாரங்களை மட்டும் வருஷக்கணக்காகப் படித்து, அதையும் இந்த வாரம் புரிந்துகொண்ட மாதிரி அடுத்த வாரம் புரிந்துகொள்ளாத ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, நினிவே தான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று கண்டிப்பாக இருந்திருக்கும். தங்கச்சிமடத்தில் நான் குடியிருந்த தெருவில் அது யாருக்கும் நினைவில்லை. "கரண்ட் பில்லுல என்ன பேரு இருக்கு?" என்று நானே ஒருமுறை கேட்டேன். "எங்கய்யா பேரு இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தொழில், மீன்பிடி வள்ளங்களின் டீசல் இன்ஜினைப் பிரித்து மாட்டுவது. மற்ற நேரமெல்லாம் அந்த நான்கு அதிகாரம், யோனா ஆகமம்.

நான் அபிராமத்துக்காரி. எங்கள் வீட்டாருக்கு மிளகாய் தெரியும், நெல் தெரியும். கடல் என்பது ஆடி அமாவாசைக்கு வந்து முங்கிக் குளித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற இடம். அப்படிப்பட்ட என்னை, பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுக்கச் சொல்லி அரசாங்கம் தங்கச்சிமடம் இருக்கிற தீவுக்கு அனுப்பிவைத்தது. ஜெசிந்தா அக்கா வீட்டு மாடியில் ஒரு அறை கிடைத்தது. அக்காவின் கணவர் கிளாட்வின் அண்ணன் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். பேச்சு குறைவு. கடலிலிருந்து வந்தால் சாப்பிட்டுவிட்டு வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அங்கே அன்பியம் என்று ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி, ஜெபம் சொல்லி, வேதாகமம் வாசித்து, அதைப் பற்றிப் பேசி, சுண்டல் தின்றுவிட்டுக் கலைகிற கூட்டம். அதில் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்த பெண் நர்சிங் படிக்கப் போய்விட்டாள். நினிவே மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"டீச்சர், நீங்க வந்து வாசிக்கணும்."

"நான் இந்துங்க."

"அதுக்கென்ன? தமிழ் வாசிப்பீகள்ல?"

இப்படித்தான் நான் அந்தக் கூட்டத்தின் வாசகி ஆனேன். முதல் வாரம் யோனா. சரி, அடுத்த வாரம் வேறு ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் யோனா.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நினிவே என்ற கெட்டுப்போன நகரத்துக்குப் போய், திருந்தச் சொல் என்று யோனாவிடம் கடவுள் சொல்கிறார். யோனாவுக்கு அந்த ஊரைக் கண்டாலே ஆகாது. எதிர்த் திசையில் போகிற கப்பலில் ஏறி ஓடுகிறார். நடுக்கடலில் புயல். மாலுமிகள் சரக்கையெல்லாம் கடலில் கொட்டிப் பார்க்கிறார்கள், அடங்கவில்லை. யாரால் இந்தக் கேடு என்று சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு யோனா பேருக்கு விழுகிறது. என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்று அவரே சொல்ல, கடைசியில் போட்டுவிடுகிறார்கள். ஒரு பெரிய மீன் அவரை விழுங்கி, மூன்று நாள் கழித்துக் கரையில் கக்குகிறது. பிறகு நினிவேக்குப் போய்ச் சொல்கிறார், ஊர் திருந்திவிடுகிறது, கடவுள் மன்னித்துவிடுகிறார். அதில் யோனாவுக்குக் கோபம். ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறார். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ஆமணக்குச் செடி முளைத்து நிழல் கொடுக்கிறது. மறுநாள் ஒரு புழு கடித்து அது வாடிவிடுகிறது. அதற்கும் கோபம். ஒரு செடிக்காக இவ்வளவு வருத்தப்படுகிறாயே, இத்தனை பெரிய நகரத்துக்காக நான் வருத்தப்படக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதவில்லை.

பதில் இல்லாமல் முடிகிற ஒரு புத்தகத்தை நம் ஆள் கையில் முதன்முதலில் கொடுத்தது யாரோ, அவர் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

வாசிப்பு முடிந்ததும் நினிவே எழுந்து, தோளில் கிடக்கும் பச்சைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். ஒரு வாரம் தப்பெல்லாம் யோனா மேல். மறுவாரம், "யோனா பாவம்டா, அவனக் கேட்டா அனுப்புனாக?" என்று கட்சி மாறிவிடுவார். இன்னொரு வாரம் கப்பல்காரனைப் பிடித்துக்கொண்டார். "சரக்கக் கடல்ல கொட்டிட்டு வீட்டுக்குப் போனானே, அவம் பொண்டாட்டி என்ன சொல்லிருப்பா? அத ஏன் எழுதல?" பெண்கள் பக்கம் அன்றைக்கு முழுவதும் அதைப் பற்றியே பேச்சு.

கடைசியில், "சரி, வாழ்க்கைக்கு எடுத்துக்கிடுவோம்" என்பார். அப்போதுதான் எல்லோரும் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். விரலை நீட்டி ஆளுக்கொரு வேஷம் கொடுப்பார்.

"ஜெசிந்தா, இந்த வாரம் நீதான் புழு."

"நானா? நான் யாரக் கடிச்சேன் மாமா?"

"யோசி."

ஜெசிந்தா அக்கா வாரம் முழுக்க யோசித்தார். சோறு பொங்கும்போது யோசித்தார், துணி துவைக்கும்போது யோசித்தார். கடைசியில், பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போய் அழுது சமாதானம் ஆகிவிட்டு வந்தார். அடுத்த கூட்டத்தில் நினிவே சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "அந்தக் கதையிலயே சாமி சொன்னதத் தட்டாமச் செஞ்சது புழு ஒண்ணுதான். புழு நல்ல புழு." அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எனக்கு என்ன வேஷம் என்று கேட்டுப் பார்த்தேன். "ஒங்களுக்கு இன்னும் பிடிபடல டீச்சர். பாப்போம்" என்று தள்ளிப்போட்டுவிட்டார். ஆனால் என் படிப்பை விடவில்லை.

"டீச்சர், ஆமணக்கு ஒரு ராத்திரியில ஆள் ஒசரம் வளருமா?"

"வளராதுங்க."

"அப்ப வேதம் பொய்யா?"

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லலையே!"

"அப்ப வளரும்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "டீச்சரே சொல்லிட்டாக."

புதிதாக வந்த பங்குச் சாமியார் இதைக் கேள்விப்பட்டு, "அடுத்த வாரம் ரூத்து ஆகமம் பேசுங்களேன்" என்று நயமாகச் சொல்லி அனுப்பினார். நினிவேயும் பவ்யமாக ரூத்தைத் தொடங்கினார். ரூத்து ஊரை விட்டுக் கிளம்பினாள். எந்த வழியாகப் போனாள் என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். சுண்டல் வருவதற்குள் ரூத்தை நினிவே நகரத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். சாமியார் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆயுள் முழுக்கக் கடல் கதை பேசிய இந்த மனிதர், கடலில் கால் வைக்க மாட்டார். கரையில் ஏற்றிப் போட்ட வள்ளத்தில்தான் வேலை. மிதக்கிற வள்ளத்தில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். தெருவே அறிந்த விஷயம் இது. அவர் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு வாரம் துண்டு இல்லாமல் வந்தார். வந்த வேகத்திலேயே சண்டை. "ஏலே, ஏந் துண்ட எவன்லே எடுத்தது? அன்பியத்துக்குள்ளயே களவா?" அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே வேஷம்தான், கெட்டுப்போன நகரத்து மக்கள். சுண்டல்கூடச் சாப்பிடாமல் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் சூசை அண்ணனின் வள்ளம் தகராறு செய்ய ஆரம்பித்தது. வள்ளத்துக்குச் சொந்தக்காரரை அங்கே சம்மாட்டி என்பார்கள். சூசை அண்ணன் சம்மாட்டி. அவரே வள்ளத்தில் போவார். கிளாட்வின் அண்ணன் அதில்தான் தொழில் செய்துகொண்டிருந்தார். நினிவே புதிதாகப் பிரித்து மாட்டிக் கொடுத்த இன்ஜின், கரையில் கைவைத்தால் ஜோராக ஓடும். நடுக்கடலில் நின்றுவிடும். அந்தக் கடலில் இன்ஜின் நின்றால் அது சாதாரணக் காரியம் இல்லை. காற்றும் நீரோட்டமும் வள்ளத்தைக் கிழக்கே, எல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். அங்கே அடுத்த நாட்டுக் கடற்படை பிடித்துக்கொண்டால் எப்போது வீடு திரும்புவோம் என்று யாருக்கும் தெரியாது. அப்படி நின்றபோதெல்லாம் வேறு வள்ளம் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

நினிவே இன்ஜினைத் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். "இன்ஜின்ல கோளாறு இல்லடா சூசை. கோளாறு ஆளுல இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். அந்த வாரக் கூட்டத்தில் அவர் எடுத்துக்கொண்டது சீட்டுப் போடுகிற இடம். "சாமி மனுசன் வாயில பேசலன்னா சீட்டுல பேசும். சீட்டு பொய் சொல்லாது!" என்று கையை ஓங்கிச் சொன்னபோது சூசை அண்ணன் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே திருவுளச் சீட்டு என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியத்தில் முடிவுக்கு வர முடியாவிட்டால் சீட்டில் எழுதி, மாதா சுரூபத்தின் முன்னால் வைத்து, ஜெபம் சொல்லி ஒன்றை எடுப்பார்கள். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது, திருவிழாவில் யார் கொடி பிடிப்பது, இப்படி. குற்றவாளியைக் கண்டுபிடிக்க அதுவரை யாரும் போட்டதில்லை. சூசை அண்ணன் போட்டார். வள்ளத்துக்குப் போகிற எல்லோர் பெயரையும், தன் பெயரையும் சேர்த்துத்தான் எழுதினார், அந்த மட்டும் நேர்மை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சீட்டில் கிளாட்வின் என்று இருந்தது.

அடுத்த வாரமே நினிவே வழக்கம்போலக் கட்சி மாறி, "யோனா கதையில சீட்டுப் போட்டவங்க சாமி தெரியாத ஆளுக. நாம அத எடுத்துக்கிடக் கூடாது" என்று பேசினார். என்ன பிரயோஜனம்? சூசை அண்ணன் அந்த வாரம் கடலில் இருந்தார், கிளாட்வின் அண்ணன் இல்லாமல்.

வேடிக்கை என்னவென்றால், கிளாட்வின் அண்ணனை இறக்கிவிட்ட பிறகு வள்ளம் ஒழுங்காக ஓடியது. மீனும் நல்ல பாடு. அவ்வளவுதான், கரையில் பேச்சு முடிந்துவிட்டது. மற்றச் சம்மாட்டிகளும் ஏற்ற மறுத்தார்கள். யாரும் திட்டவில்லை, முகத்தைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அண்ணன் தைத்து முடித்த வலையைப் பிரித்து மறுபடியும் தைத்தார். ஒருநாள் சாப்பாட்டின்போது, "மங்களூர் போட்டுக்குப் போறேன். அங்கன யாருக்கும் என்னத் தெரியாது" என்றார். ஜெசிந்தா அக்கா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார். அவர்களுடைய சின்ன மகள் அப்போதுதான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில் நினிவே காணாமல் போனார். சூசை அண்ணன் வள்ளத்து டீசல் டேங்கைக் கழுவப் போனவர், பாதியில் எழுந்து போய்விட்டார் என்றார்கள். கீழக்கரையில் மச்சினன் ஜெனரேட்டர் கடை வைத்திருக்கிறார், அங்கே போயிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரம் கூட்டம் எங்கள் வீட்டில். கிளாட்வின் அண்ணனின் பை மூலையில் கட்டித் தயாராக இருந்தது, மறுநாள் பயணம். ஜெபமாலை பாதி நடந்துகொண்டிருந்தபோது நினிவே உள்ளே வந்தார். கூடவே டீசல் வாடை. கையில் பச்சைத் துண்டு, பச்சை எது கறுப்பு எது என்று தெரியாமல்.

"சூசை, இது ஒன் டேங்குக்குள்ள கெடந்துச்சுடா. நாந்தான் போட்டுட்டு மூடிருக்கேன். இன்ஜின் இழுக்க இழுக்கக் குழாய் வாயில போய் அடைச்சிருக்கு. நின்னதும் வெலகிருது. அப்பறம் மூலையில எங்கயோ ஒட்டிக்கிருச்சு போல. அதான் ஓடிருக்கு."

துண்டைச் சூசை அண்ணன் காலடியில் வைத்தார். அவரே தொடர்ந்தார்.

"பாத்ததும் ஓடிட்டேன். கீழக்கரை பஸ்ஸுல ஏறிட்டேன். திருப்புல்லாணி தாண்டி பஸ் நின்னுபோச்சு. டிரைவர் எறங்கிப் பாக்குறான், ஒண்ணும் தெரியல. எனக்கு வேர்த்து ஊத்துது. நான் எறங்கிக்கிறேன்ப்பா, பஸ் ஓடும்னு சொன்னேன். அவன் என்னப் பைத்தியம்னு நெனச்சான். நான் எறங்குனேன். பஸ் கெளம்பிருச்சு!"

சிரிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஜெசிந்தா அக்கா மட்டும் எழுந்து நின்றார்.

"மாமா, ஒங்க துண்டுக்கா எம் புருசன் ஊர விட்டுப் போகணும்?"

நினிவே வாய் திறப்பதற்குள் பதில் சொன்னது சூசை அண்ணன்.

"அது சரிலே நினிவே. துண்டு ஒன் துண்டு. சீட்டு சாமி சீட்டுல்ல? அவன் எறங்குன பெறகுதான வள்ளம் ஓடுச்சு? சாமி தப்பாச் சீட்டு எடுத்துக் குடுக்குமா?"

பிறகு நடந்தது பேச்சா குழப்பமா என்று என்னால் சொல்ல முடியாது. துண்டையே சாமிதான் போடவைத்தது என்றார் ஒருவர். அப்படியானால் நினிவேயின் பெயரை ஏன் சீட்டில் எழுதவில்லை என்றார் இன்னொருவர். அவன்தான் வள்ளத்திலேயே இல்லையே என்று ஒரு பதில். வள்ளத்தில் இல்லாதவன் எப்படி யோனா ஆவான் என்று ஒரு கேள்வி. பஸ் ஏன் கிளம்பியது என்று ஒரு பாட்டையா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். தாவரவியல் படித்தவள் என்பதால் எல்லோரும் நடுநடுவே என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தலை சுற்றியது.

நினிவே என் பக்கம் திரும்பினார். "டீச்சர், சீட்டு விழுந்த பெறகு கப்பக்காரங்க என்ன செஞ்சாக? அத மட்டும் வாசிங்க."

எத்தனை வாரமாக வாசித்திருக்கிறேன். வாய் வாசித்ததே தவிர, அந்த வரி என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். சீட்டு யோனா பேருக்கு விழுந்தாகிவிட்டது. தூக்கிப் போடுங்கள் என்று அவரே சொல்லியாகிவிட்டது. அப்படியும் அவர்கள் உடனே போடவில்லை. எப்படியாவது கரை சேர்க்கலாம் என்று துடுப்பைப் பிடித்துத் தண்டு வலித்திருக்கிறார்கள். கடல் விடவில்லை. அதற்குப் பிறகுதான் போட்டார்கள், அதுவும் கடவுளிடம் கெஞ்சிவிட்டு.

"கேட்டியாடா? அவங்களுக்கு நம்ம சாமியவே தெரியாது. வந்து ஏறுன அன்னைக்குத்தான் யோனாவத் தெரியும். அவங்க வலிச்சாக. நீயும் கிளாட்வினும் எத்தன வருசமா ஒரே வள்ளத்துல போறீக? ஒரு வலி வலிச்சியாலே அவனுக்காக? நானும் வலிக்கல. நாந்தான் சீட்டுப் போடச் சொல்லிக் குடுத்தேன். நான் ஓடியே போனேன்."

சூசை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "இப்ப நான் என்னலே செய்ய? பயலுக எவனும் இவங்கூட ஏற மாட்டேங்கிறான்" என்றார்.

"நான் ஏறுறேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். "நீயா? மிதக்குற வள்ளத்துலயா?" என்றார் சூசை அண்ணன்.

"ஆமா. அவன் யோனான்னா நானும் யோனா. ரெண்டு யோனா ஏறி வள்ளம் திரும்பி வந்துச்சுன்னா, எவனும் அவனப் பத்தி வாய் தொறக்கக் கூடாது."

இரண்டு யோனாக்களோடு ஒரே வள்ளத்தில் வர யாரும் தயாராக இல்லை. கடைசியில் சூசை அண்ணனே மூன்றாவது ஆளாகக் கிளம்பினார். மங்களூர்ப் பை மூலையிலேயே கிடந்தது. விடிவதற்கு முன்னால் தென்கடலில் வள்ளம் இறங்கியது. நினிவே சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நான் என்ன பாடம் நடத்தினேன் என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும். சாயங்காலம் ஓட்டமும் நடையுமாகக் கடற்கரைக்குப் போனேன். ஜெசிந்தா அக்கா சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து அங்கேயே நிற்கிறார். தெருவே வந்திருந்தது. யாரும் அக்காவின் பக்கத்தில் நிற்கவில்லை, ரொம்பத் தள்ளியும் நிற்கவில்லை.

முதலில் சத்தம்தான் கேட்டது. டடடடவென்று இன்ஜின் நிற்காமல் ஓடுகிற சத்தம். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது.

மீன் பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் காரல், கொஞ்சம் நண்டு. சூசை அண்ணன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். "வேதத்துல மீனு யோனாவக் கக்குச்சு. இங்கன யோனா நாள் பூரா மீனுக்குக் கக்கிட்டு வாரான்!" என்றார். இடுப்பளவுத் தண்ணீரில் கிளாட்வின் அண்ணன் நினிவேயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். தலைகீழாகத் தொங்கிய நினிவே என்னைப் பார்த்துவிட்டார்.

"டீச்சர், இப்ப நான் யோனாவா? இல்ல இவன் மீனா?"

"நீ மொதல்ல கீழ எறங்கு மாமா" என்றார் கிளாட்வின் அண்ணன். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்து வள்ளத்தை இழுக்க அண்ணனோடு கை கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்பதோ விளக்கம் சொல்வதோ எதுவும் நடக்கவில்லை. மறுநாள் அண்ணன் வழக்கம்போலத் தொழிலுக்குப் போனார். அடுத்த கூட்டத்தில் நினிவே, "சீட்டுப் போட்டது தப்பா, சரியா?" என்று தொடங்கி, இரண்டுக்கும் ஆதாரம் காட்டி, எங்களை மறுபடியும் குழப்பினார். பஸ் ஏன் கிளம்பியது என்பது இன்றுவரை தீரவில்லை.

அந்த வருஷமே எனக்குப் பரமக்குடிப் பக்கம் மாறுதல் வந்துவிட்டது. பஸ் ஏற்றிவிடக் கிளாட்வின் அண்ணன் குடும்பத்தோடு வந்தார், கையில் அன்றைக்கு அவர் பிடித்த நண்டு ஒரு பொட்டலம். நினிவே புதுத் துண்டோடு கொஞ்சம் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நானே போய், "கடைசி வரைக்கும் எனக்கு ஒரு வேஷம் தரலையே?" என்றேன்.

"ஆமணக்கு" என்றார், திரும்பாமலே.

"ஆமணக்கா?"

"ஒரு நாள் காலையில பாத்தா மாடியில இருந்தீக. வாசிச்சீக, நெழலா இருந்துச்சு. இப்ப போறீக. செடி போனதுக்கு யோனா கோவிச்சுக்கிட்டான், சாமியே அவனக் கேட்டுச்சு, நீ கோவிச்சுக்கிறது சரியான்னு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிதான் டீச்சர். இந்த ஒண்ணுல மட்டும் எனக்குக் குழப்பமே இல்ல."